லாரியில் யார் ஏற்றுவது?

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 24 வயது. எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, யு.பி.எஸ். சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரி நாடகங்களுக்கு லைட் போட்ட அனுபவம் உண்டு. இப்போது சென்னைக் குழு ஒன்று தங்கள் சரித்திர நாடகத்தை மூன்று மாதத்தில் 14 ஊர்களில் போடப்போகிறது. லைட்டுக்கும் மேடை வேலைக்கும் உதவியாளராக என்னைக் கூப்பிடுகிறார்கள். காட்சிக்கு இவ்வளவு என்று சம்பளம். "நாடகக்காரங்களோட ஊர் ஊராச் சுத்தவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்கிறார் அம்மா. வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? மேடைக்குப் பின்னால் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? இதை வைத்துப் பிழைக்க முடியுமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்:

போங்கம்மா. ஆனால் வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த ஆளை இழக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. முடியவே முடியாது என்று சொன்னால் அப்புறம் யோசிக்கலாம்.

அதற்கு முன்னால் அந்தக் குழுவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி இல்லை, அது பின்னால் வருகிறது. "நாடகம் முடிஞ்சதும் லாரியில யார் ஏத்துவாங்க?" என்று கேளுங்கள். "கூலிக்கு நாலு பேர் வருவாங்க, நீங்க மேற்பார்வை பார்த்தாப் போதும்" என்றால் நல்ல குழு. "நாங்க எல்லாரும் சேர்ந்துதான்" என்றால் இன்னும் நல்ல குழு. "அதெல்லாம் அப்பப்போ பார்த்துக்கலாம்" என்றால் ராத்திரி பதினொரு மணிக்குச் சிம்மாசனத்தைத் தூக்கப்போவது நீங்கள்தான். அதற்கு யாரும் தனியாகப் பணம் தரமாட்டார்கள்.

நான் 1988-ல் கேபிள் சுருட்டுகிற பையனாக ஒரு குழுவில் சேர்ந்தேன். பிறகு லைட், அதற்குப் பிறகு ஸ்டேஜ் மேனேஜர். 31 வருடம் ஓடியது. முழங்கால் இனி முடியாது என்றதும் நிறுத்திக்கொண்டேன். அத்தனை வருடத்தில் எங்கள் நாடகத்தை ஆடியன்ஸோடு உட்கார்ந்து பார்த்தது இரண்டு தடவைதான். மற்ற நேரமெல்லாம் பக்கப் படுதா இடுக்கு வழியாகத்தான். ராஜாவின் முதுகும் ராணியின் ஒரு பக்கக் காதும்தான் எனக்குத் தெரிந்த நாடகம். வசனம் மட்டும் எல்லாருடையதும் மனப்பாடம். யாருக்கு இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதைக்கூட அவர்கள் மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன். இது உங்களுக்குப் பிடிக்குமா, அல்லது கைதட்டல் விழும்போது 'நாம் அங்கே நிற்கவில்லையே' என்று மனசு குமையுமா? இதை மட்டும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குமையும் என்றால் நடிக்கப் போங்கள், அதில் தப்பே இல்லை. பாதி மனசோடு பின்னால் நிற்கிறவர்கள் கடைசியில் எல்லார் மேலும் எரிந்து விழுவார்கள். நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள்.

காட்சி மாலை ஆறரைக்கு என்றால் லாரி காலை ஏழு மணிக்குள் அரங்க வாசலில் நிற்க வேண்டும். முதலில் இறங்குவது லைட். செட் நின்றுவிட்டால் ஏணி போட இடமிருக்காது, அதனால் லைட்டைத் தொங்கவிட்ட பிறகுதான் மற்ற எல்லாம். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும், இல்லையா? ஆக, இன்றைய காலை வேலை நேற்று ராத்திரி லாரி ஏற்றியபோதே தொடங்கிவிடுகிறது. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் யாரோ லைட் பெட்டியை உள்ளே தள்ளி, அதற்கு முன்னால் தூண்களை அடுக்கிவிட்டால், அடுத்த ஊரில் இரண்டு மணி நேரம் போச்சு. பெட்டிக்குப் பெட்டி நம்பர் எழுதி, எது எந்த வரிசையில் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அந்த நோட்டைப் பார்த்துக் கேலி செய்யாத நடிகர் இல்லை. அது ஒரு நாள் காணாமல் போனபோது அத்தனை பேரும் சேர்ந்துதான் தேடினார்கள்.

பதினொரு மணிக்குத் தட்டிகள் நிற்கும். மரச் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிப் பெயின்ட் அடித்தவை, பெரும்பாலும் நாலுக்கு எட்டு அடி. எந்தக் கதவு வழியாகவும் நுழையும், எந்த லாரியிலும் படுக்கும். வாடகை அரங்கத்தின் மேடையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், அதனால் பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைக்க வேண்டும். மூன்று மணியிலிருந்து ஐந்துவரை லைட் திருப்புவது. அப்போது மேடையில் நிற்க ஒரு ஆள் வேண்டும், நடிகர்கள் வந்திருக்கமாட்டார்கள், வந்தவரும் நிற்கமாட்டார். ராஜா நிற்கும் இடத்தில் நீங்கள்தான் நிற்பீர்கள். ஐந்து மணிக்கு சவுண்ட். காலர் மைக்குக்கு ஒவ்வொரு காட்சிக்கும் புது பேட்டரி. நேற்றுப் போட்டதில் இன்னும் சார்ஜ் இருக்கிறது என்று மிச்சம் பிடிக்கும் குழுவில், மூன்றாம் அங்கத்தில் ராஜா ஊமையாகிவிடுவார்.

ஆறரைக்கு மணி அடிக்கும். அதற்குப் பிறகு ஒன்பது மணிவரை எங்களுக்கு ஓய்வு மாதிரிதான், இருட்டைத் தவிர. காட்சி மாறும்போது வரும் அந்த இருபது விநாடி இருட்டுதான் எங்கள் மேடை. யார் எந்தப் பொருளை, எந்தக் கையால், எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதெல்லாம் ஒத்திகையிலேயே முடிவாகியிருக்கும். தரையில் ஒளிரும் டேப் துண்டுகளை ஒட்டி வைத்திருப்போம். சிம்மாசனத்தின் நாலு காலும் அந்த நாலு புள்ளியில் உட்கார வேண்டும். அரை அடி தள்ளி உட்கார்ந்தால் ஸ்பாட் லைட் ராஜாவின் தோளில் விழும், முகம் கறுப்பாக இருக்கும். இடையிசை முடிந்தும் நாங்கள் முடிக்கவில்லை என்றால் ஆடியன்ஸ் இருமத் தொடங்குவார்கள். இந்த நாட்டில் இருட்டைக் கண்டால் எல்லாருக்கும் இருமல் வந்துவிடும்!

ஒன்பது மணிக்குத் திரை விழும். நடிகர்களைப் பார்க்கக் கூட்டம் கிரீன் ரூமுக்குப் போகும். நாங்கள் தட்டியைப் பிரித்துக்கொண்டிருப்போம். பதினொன்றரைக்கு லாரி, அப்புறம் பொட்டலத்தில் தயிர் சாதம். வேன் கிளம்பும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. அந்தக் காலக் கம்பெனிகள் ஓர் ஊரில் கொட்டகை போட்டால் மாதக்கணக்கில் தங்கும். பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் 1918-ல் ஆறு வயதுப் பிள்ளையாகச் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தபோது இருந்தது அந்த வாழ்க்கைதான். நாடகம் மாறும், மேடை மாறாது. நமக்கு நேர் எதிர். நாடகம் ஒன்றே, மேடை தினம் ஒன்று. மும்பை சண்முகானந்தா ஹாலில் 2,500-க்கும் மேல் இருக்கை. மூன்று நாள் கழித்து அதே நாடகத்தை ஒரு கல்யாண மண்டபத்தில், மணவறை மேடையில் போடுவீர்கள். அங்கே பக்கவாட்டில் ஒதுங்க இடம் இருக்காது. இடது பக்கம் உள்ளே போன மந்திரி, அடுத்த காட்சிக்கு வலது பக்கம் வர வேண்டுமென்றால் மண்டபத்துக்கு வெளியே போய், சமையல்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வருவார். கிரீடத்தோடு மந்திரி ஓடுவதைப் பார்த்துக் காய் நறுக்குகிறவர்கள் எழுந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். திறந்தவெளி என்றால் காற்று. தட்டிக்கு இரண்டு மூட்டை மணல் கூடுதல். இப்படி ஊருக்கு ஊர் மாறும் மேடையில், நடிகர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் நேற்றைய இடத்துக்கே போய்ச் சேருகிற மாதிரி செய்து கொடுப்பதுதான் நம் வேலை. மற்றதெல்லாம் சுமை தூக்குவது.

நீங்கள் எலெக்ட்ரிகல் படித்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் குழுவில் உங்கள் மதிப்பு அங்கேதான் இருக்கும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஊர். ஊர் பேர் வேண்டாம். மூன்று ஃபேஸ் இருக்கிறது என்றார் அரங்க எலெக்ட்ரீஷியன். நானும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மூன்றும் எரிந்தது. கனெக்‌ஷன் கொடுத்துவிட்டோம். இரண்டாம் காட்சியில் ஒரு பக்க லைட் மங்கியது, மறுபக்கம் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், அப்புறம் பட் பட்டென்று பல்புகள் போயின. கூடவே சவுண்ட் மிக்சரும் போயிற்று. காரணம் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர், கழன்றுவிட்டது. லோடு குறைவாக இருந்த ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டி வந்திருக்கும். டெஸ்டர் ஃபேஸைத்தான் காட்டும், நியூட்ரலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அன்று மீதி நாடகத்தை இரண்டு டியூப் லைட்டில் முடித்தோம். நல்லவேளை, அது காட்டுக் காட்சி. நஷ்டத்தில் ஒரு பங்கை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அரங்கத்துக்காரரிடம் ஒரு பைசா வாங்க முடியவில்லை.

அதிலிருந்து, மல்டிமீட்டர் வைத்து மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து நோட்டில் எழுதாமல் நான் எதையும் சொருகியதில்லை. நம்முடைய சொந்த டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், அதில் லோடு மிஞ்சினால் கட் செய்யும் எம்.சி.பி.யும், கரண்ட் கசிந்தால் கட் செய்யும் ஈ.எல்.சி.பி.யும் இருக்க வேண்டும். குழுவிடம் இல்லையென்றால் முதல் வாரமே வாங்க வையுங்கள். லோடு கணக்கும் நீங்களே போடுங்கள். பழைய 1000 வாட் பார் (PAR) மேடை லைட் 20 இருந்தால் 20 கிலோவாட், சுமார் 87 ஆம்பியர். அதையே மூன்று ஃபேஸுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 29. 150 வாட் எல்.ஈ.டி. என்றால் அதே 20 லைட்டுக்கு மொத்தமே 13 ஆம்பியர்தான். எல்.ஈ.டி. வந்த பிறகு எங்கள் பிழைப்பு லேசாகிவிட்டது, உண்மை. ஆனால் மஞ்சள் ஜெலட்டின் பேப்பர் செருகிய பழைய ஹாலஜன் வெளிச்சத்தில் ஒரு முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு எல்.ஈ.டி.யின் மஞ்சள் எப்போதும் கொஞ்சம் மஞ்சள்காமாலைதான். கிழவன் புலம்பல், விடுங்கள்.

மேலே தொங்கும் ஒவ்வொரு லைட்டுக்கும் கொக்கி போக ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். "பத்து வருஷமா ஒண்ணும் விழலையே" என்பார்கள். கேட்காதீர்கள், சங்கிலி போடுங்கள்.

அப்புறம், பெண் என்பதால் கேட்க வேண்டியவை. உங்கள் அம்மாவின் கவலையும் இதுதான், 'நாடகக்காரங்க' என்பது அவர் சொல்லும் சுருக்கம். எத்தனை பெண்கள் வருகிறார்கள்? தங்கும் அறையில் உங்களோடு யார்? ராத்திரி வேன் கிளம்பும்போது நீங்கள் எதில்? நடிகைகளோடு வேனிலா, டிரைவர் பக்கத்தில் லாரியிலா? லாரி என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்டால் முகம் சுளிக்கிற குழு உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று, கழிவறை. பல ஊர் அரங்கங்களில் மேடைக்குப் பின்னால் பெண்களுக்கு என்று எதுவும் இருக்காது. இருந்தாலும் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் ஊரிலேயே இருக்கமாட்டார். காலையில் லாரி நின்றதும் நான் கேட்கும் முதல் விஷயம் மெயின் ஸ்விட்ச், இரண்டாவது அந்தச் சாவி. எங்கள் குழுவில் முதன்முதலில் லைட்டுக்கு ஒரு பெண் வந்தபோதுதான் இந்த இரண்டாவதை நான் கற்றுக்கொண்டேன். அதுவரை எங்கள் நடிகைகள் சத்தமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாமல் போனதில் இன்றும் வெட்கம்தான்.

குடியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லாரி ஏற்றி முடித்த பிறகு சிலர் ஒதுங்குவார்கள். உடம்பு வலி என்று காரணம் சொல்வார்கள், வலியும் உண்மைதான். ஆனால் அடுத்த நாள் காலை ஏணி மேல் ஏறப்போகிறவர் யார், கீழே பிடிக்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். நேற்றைய வாடை இன்னும் போகாதவர் பிடிக்கும் ஏணியில் ஏறாதீர்கள். இதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டாம். "எனக்கு அந்தக் கயிற்றைச் சரி பண்ணணும்" என்று நகர்ந்துவிடுங்கள், போதும்.

இப்போது பணம். காட்சிக்கு இவ்வளவு என்றால், காட்சி இல்லாத நாளுக்கு? 14 ஊருக்கு மூன்று மாதம் என்றால் இடையில் சும்மா இருக்கும் நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் சாப்பாடும் தங்கும் செலவும் யாருடையது? ஊருக்குத் திரும்பி வந்துவிட்டு மறுபடி போவதென்றால் பஸ், ரயில் கட்டணம் யார் தருவார்கள்? மழையால் காட்சி ரத்தானால், நீங்கள் பாதி செட் போட்ட பிறகு ரத்தானால் எவ்வளவு? உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா? (என் கதையைச் சொன்னேனே.) இதையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். நாடகக்காரர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. மறந்துபோகிறவர்கள். கணக்கு வழக்கில் இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

விபத்துக் காப்பீடு குழு எடுத்துத் தராவிட்டால் நீங்களே உங்கள் பேங்க்கில் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் மரணமோ முழு ஊனமோ ஏற்பட்டால் 2 லட்சம். கை முறிவுக்கெல்லாம் அதில் காசு வராது. இருந்தாலும் 20 ரூபாய்க்கு யோசிக்காதீர்கள்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா? நாடகத்தை மட்டும் வைத்து, சிரமம்தான். என்னுடைய வீடு நாடகத்தில் கட்டியது என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். டிசம்பர் சீசனில் நடன நிகழ்ச்சிகள், அரங்கேற்றங்கள், கல்லூரி விழாக்கள், கம்பெனி மீட்டிங்குகள் எல்லாவற்றுக்கும் லைட் போட்டுக் கட்டியது. மேடைக்குப் பின்னால் நிற்கும் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையே சொல்வார்கள். ஆனால் உங்களிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, டிப்ளமோ. தமிழ்நாடு மின் உரிம வாரியத்தில் சூப்பர்வைசர் சான்றுக்கு என்ன அனுபவம் கேட்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். பெரிய அரங்கங்களிலும் நிகழ்ச்சிக் கம்பெனிகளிலும் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள எலெக்ட்ரிகல் ஆளுக்கும், லைட் திருப்பத் தெரிந்த ஆளுக்கும் தனித்தனியாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை வந்தால், டெல்லியில் 1959-லிருந்து தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு, லைட், செட் எல்லாம் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. கர்நாடகத்தில், ஹெக்கோடு என்ற கிராமத்தில் நீநாசம் என்ற நாடக அமைப்பு. அங்கே 'திருகாட்டா' என்று ஒரு பயணக் குழு, 1985-லிருந்து வருடா வருடம் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. எனக்கு இளமையில் தெரியாமல் போன இடம். தெரிந்திருந்தால் கன்னடம் கற்றுக்கொண்டாவது போயிருப்பேன். இதெல்லாம் இந்த மூன்று மாதத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டியது. பதினாலு தடவை ஒரே செட்டை ஏற்றி இறக்கிய பிறகும் பதினைந்தாவது ஊர் எப்போது என்று கேட்கத் தோன்றினால் விண்ணப்பம் போடுங்கள். தோன்றாவிட்டால் யு.பி.எஸ். எங்கேயும் ஓடிப்போகாது.

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். கறுப்பு உடை மூன்று செட், சத்தம் போடாத, விரல் மூடிய ஷூ, பருத்திக் கையுறை, உங்கள் சொந்த மல்டிமீட்டர், சின்ன டார்ச். டார்ச் முனையில் நீல ஜெலட்டின் ஒட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சம் ஆடியன்ஸ் கண்ணில் படாது. கொலுசு வேண்டாம். செல்போனை ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள், சைலன்ட் போதாது. அதிர்வுச் சத்தம் மரப்பலகை மேடையில் பறை மாதிரி கேட்கும்.

உங்கள் 14 ஊர்களில் திருச்சி இருக்கிறதா? இருந்தால் அம்மாவை மாலை ஆறரைக்கு நாடகம் பார்க்கக் கூப்பிடாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் ஏணி மேல் நின்று லைட்டைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார், ராஜா வேஷக்காரர் லுங்கியோடு டீ குடித்துக்கொண்டிருப்பார். அம்மா அதைப் பார்க்கட்டும். வரும்போது கையில் ஏதாவது சாப்பிடக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் இல்லை, லாரி டிரைவரையும் சேர்த்துப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.